ஒரு மார்க் மீட்பர்

விடைத்தாளில் பிள்ளை தொலைத்த மார்க்கை மீட்டு வருவதற்கென்றே பிறந்த இனம் ஒன்று நம்மிடையே உண்டு. பிள்ளை தொண்ணூறு வாங்கினால் நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம். மீட்பர் அந்தத் தொண்ணூறைத் திரும்பியும் பார்க்க மாட்டார். தாளைப் புரட்டி, சிவப்பு மை சுழித்த இடத்தைத் தேடி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, பெற்றோர் குழுவில் போட்டுப் பொங்கி, மறுநாள் காலை கடையைக்கூடத் திறக்காமல் நேரே பள்ளிக்கூடத்தில் வந்து நிற்பார். கணக்கு தெரியுமா? அது எதற்கு?

எடப்பாடியில் துண்டு, பெட்ஷீட் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா அப்படித்தான் வந்து நின்றார். மகள் மெஹ்ரீன் எட்டாம் வகுப்பு. 'சுருக்குக: x³ × x⁴' என்ற கேள்விக்கு அடுக்குகளைக் கூட்டி x⁷ என்று எழுதியிருந்தாள். சரி. அடுத்தது (x³)⁴. அதற்கும் x⁷. தப்பு.

"ஏனுங்க டீச்சர், அதே மூணு, அதே நாலு. அங்க கூட்டுனா சரி, இங்க கூட்டுனா தப்பா? இது என்னங்க நியாயம்?"

கணக்கு டீச்சர் ஷாலினி பொறுமைசாலி. "அடைப்புக்குறி இருக்குதுங்களே. x³-ஐ நாலு தடவை போட்டுப் பெருக்கணும். அடுக்கு பன்னெண்டு வரும்."

"ரெண்டு சின்ன வளைவு! அதுக்குப் போயி ஒரு மார்க்குங்களா?"

டீச்சர் மெஹ்ரீனையே வரவழைத்தார். அவள் கூசிக்கொண்டு நின்றாள். "டீச்சர் சொல்றதுதான் சரிங்க அத்தா. பெருக்க வேண்டியதைக் கூட்டிப்போட்டேன்."

"நீ சும்மா இரு கண்ணு, உனக்கு ஒண்ணுந் தெரியாது. டீச்சர், முழுசா ஒருக்கா பாருங்க. வேற எங்கியாவது தப்பா போட்டிருப்பீங்க."

டீச்சர் முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். மெஹ்ரீன் நெளிந்தாள், நகத்தைக் கடித்தாள், பிறகு தானே விரல் வைத்துக் காட்டினாள்.

"இதுதானுங்க டீச்சர். தப்பு. நீங்க சரி போட்டுட்டீங்க."

x⁸ ÷ x². அடுக்கைக் கழித்து x⁶ என்று எழுதாமல், எட்டை இரண்டால் வகுத்து x⁴ என்று எழுதியிருந்தாள். மீட்க வந்த மார்க் வரவில்லை. இருந்ததிலும் ஒன்று போயிற்று.

நீங்களும் நானுமாக இருந்தால் வாயைத் திறக்காமல் வெளியேறியிருப்போம். ஜான் பாஷாவோ மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து, கேட்டில் நின்ற வாட்ச்மேன் குமாரசாமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"டீச்சரே கோட்டை உட்ட கணக்கை எம்பொண்ணு புடிச்சுப்போட்டாளுங்க!"

மெஹ்ரீன் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால், 'உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு டீச்சர் அந்த ஒரு மார்க்கை விட்டுவைத்திருக்கலாமே' என்று நடுவில் உங்களுக்கும் தோன்றியதுதானே? அப்படியானால் நாளைக் காலை டீச்சர் அறைக்கு நேரத்தோடு போய்விடுங்கள். அங்கே கூட்டம் அதிகம்.