கிட்டுசாமி கண்ணாடிப் போன் வாங்கப் போன படலம்

வாழ்க கிட்டுசாமி! பனியன் சந்தையாம் காதர்பேட்டையின் காவலன் வாழ்க! ஓராயிரம் பனியன் குவிந்த அம்பாரத்தில் ஒற்றை ஓட்டையை ஒன்பதடித் தொலைவிலிருந்து காணும் கூர்விழியோன், எண்ணெய்க்கறையை இருட்டிலும் மோப்பம் பிடிக்கும் நுண்மூக்கினன், ஏற்றுமதிப் பெருமக்கள் குறையுள்ளது என்று கழித்துக் கட்டிய செகண்ட்ஸ் சரக்கைச் சிப்பம் சிப்பமாய்ச் சிறைப்பிடித்துத் தாராபுரம் சந்தை வரைக்கும் குடிமக்களை உடுத்துவித்த கொடையாளன், சொன்ன விலைக்கு ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியறியாத மானி வாழ்க! விலைச்சீட்டுகளுக்கெல்லாம் அதிதேவதையான அன்னையே, இக்கதை சொல்லும் நாவில் வந்து அமர்க. அமர்வதற்குக் காணிக்கை கேட்டாயானால் பாதிதான் தேறும், முன்பே சொல்லிவிட்டோம்.

அத்தகைய மாவீரனுக்கும் நெஞ்சில் ஒரு புண் விழுந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் சித்திரை மாதத்து மாலையொன்றில், வணிகப் பெருங்குடியினர் தேநீருக்குக் கூடும் பேக்கரி மேசையில், அவன் இல்லாள் சாரதாமணியின் தமையனும் பெருமாநல்லூர்த் தையலாலையின் அதிபதியுமான மகுடேஸ்வரன், பொத்தான் ஏதுமின்றி விரல் பட்ட மாத்திரத்தில் விழித்தெழும் கண்ணாடிப் போன் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து உருவி, தேங்காய் பன்னுக்கும் தேநீர்க் கிளாசுக்கும் நடுவே, வென்ற நாட்டின் மணிமுடியை வைப்பவன்போல் வைத்தான். கிட்டுசாமியின் போனோ ஏழாண்டுப் போர் கண்ட கிழட்டு வேழம். எண்களெல்லாம் தேய்ந்து, பின்மூடி பெயர்ந்து, உடலையும் உயிரையும் ஒரு ரப்பர் பேண்டு இறுக்கிப் பிடித்திருக்க, அது மேசையின் மறுபுறம் கிடந்து முனகியது.

"ஏனுங்க மாப்ள, அந்த ரப்பர் பேண்டைக் கழட்டுனா போனுக்கு உசுரு போயிருங்களா? இல்ல, சரக்குக் கட்டறதுக்கு ஆகும்னு வெச்சிருக்கீங்களா?" என்றான் மகுடேஸ்வரன்.

மேசை சிரித்தது. பன் அடுக்குகிறவன் சிரித்தான். அடுத்த மேசையில் முன்பின் தெரியாத ஒருவர் தேநீர் புரையேறச் சிரித்தார். அடிபட்ட வேங்கையென எழுந்த கிட்டுசாமி, பாதித் தேநீரை அப்படியே விட்டுவிட்டு (காசு கொடுத்த தேநீரை அவன் விட்டது அதுவே முதன்முறை) வஞ்சினம் கூறினான்:

"நாளைக்கு இதே மேசை, இதே நேரம் பாருங்க மச்சான்! என்ர போனைப் பாத்து உங்க போனு வெக்கப்பட்டுக் குப்புறப் படுத்துக்கும்!"

மறுநாட் காலை, மொபெட் எனும் புரவியேறி, சாயப்பட்டறை லாரிகளின் புகைமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு குமரன் சாலையின் அபிராமி மொபைல்ஸ் கோட்டைவாயிலை அடைந்தான் வீரன். அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னே தனியொருத்தியாய் நின்றாள் முத்துப்பேச்சி; பனியன் வேலை தேடித் தெற்கிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், அக்கடையின் விற்பனைத் தளபதி. அவள் தலைக்கு மேலே 'ஒரே விலை. பேரம் இல்லை' என்ற பலகை தொங்கியது. மற்றோர் அதை அறிவிப்பென்று படிப்பர். கிட்டுசாமியோ போருக்கு அழைக்கும் முரசென்று படித்தான். கடையின் மூலையில், காதர்பேட்டை உள்ளாடை மொத்த வணிகனான நல்லான், ரீசார்ஜ் கார்டொன்றைக் காசால் சுரண்டிக்கொண்டு நின்றான். இவனைக் கண்டதும் அவன் சுரண்டும் வேகம் பாதியாய்க் குறைந்தது. நடக்கப்போவது வேடிக்கையென்று அறிந்த கை அது.

காதர்பேட்டைப் போர்மரபு யாதெனில், விரும்பிய பொருளை ஏறிட்டும் பார்க்கலாகாது. வேண்டாத பொருளை வானளாவப் புகழ்ந்தால், பெரிய வியாபாரம் கைநழுவுகிறதே என்று விற்பவன் நெஞ்சு பதறும். அப்போது விரும்பியதை வேண்டாவெறுப்பாய்த் தொட்டு, அதன் குலம் கோத்திரம் அனைத்தையும் பழித்து, விலை கேட்டுச் சிரித்து, எழுந்து நடக்க வேண்டும். மூன்றாம் அடியில் பின்னிருந்து ஒரு குரல் கூப்பிடும். கூப்பிட்டால் வெற்றி. இருபத்திரண்டு ஆண்டுகளில் அக்குரல் நான்காம் அடிவரை தாமதித்ததில்லை.

எனவே, பேழையின் நடுநாயகமாய் மகுடேஸ்வரனின் போனைவிட ஒரு விரலளவு அகலமாய்ப் பள்ளிகொண்டிருந்த கண்ணாடிப் போனைப் பார்த்தும் பாராதவனாய், கீழ்த்தட்டில் கிடந்த ஆயிரத்து நானூறு ரூபாய் டார்ச் போனை நோக்கிக் கைநீட்டினான்.

"ஏனம்மிணி, அதைய எடு. அடடடடா! இதல்லவா போனு! கல்லு மேல போட்டாக் கல்லுக்குத்தான் சேதாரம். டார்ச்சைப் பாரு, கரண்ட் போனாக் கடையவே நடத்தலாம்! இந்த மாதிரி ஒண்ணு கைக்கு வாறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்!"

"நல்லா உழைக்கும் அண்ணாச்சி," என்றாள் முத்துப்பேச்சி.

"அதென்ன ஓரமா, பூச்சி நசுங்குனாப்ல ஒண்ணு கெடக்குது?"

ஓரமாகக் கிடக்கவில்லை, நட்டநடுவில்தான் கிடந்தது. அவள் எடுத்து அவன் கையில் வைத்தாள். அந்தோ! விரல் பட்டதும் அது விழித்தது. நீலமும் பச்சையுமாய் நிறங்கள் புரண்டன. ஒரு தள்ளு தள்ள, படமொன்று வழுக்கிக்கொண்டு போய் மற்றொன்று வந்தது. மணவறையில் சாரதாமணி நிமிர்ந்து பார்த்த கணத்துக்குப் பிறகு கிட்டுசாமியின் நெஞ்சு அவ்வாறு அடித்துக்கொண்டதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ள, வாய் போருக்குக் கிளம்பியது.

"சேச்சே! தொட்ட எடமெல்லாம் ரேகை. அத்தனையும் எண்ணெய்க்கறை! பொத்தானே வெக்கல. பொத்தானில்லாத சட்டைய எங்க பேட்டையில அரைவெலைக்குக் கூட எடுக்க மாட்டாங்க, தெரியுமா அம்மிணி? என்ன வெலை போட்டிருக்கீங்க?"

"பதினெட்டாயிரத்து ஐநூறு."

கிட்டுசாமி சிரித்தான். எட்டூர்ச் சந்தைகளில் எதிரிகளின் முதுகெலும்பை உருக்கிய சிரிப்பு அது. நல்லானின் காசு நின்றது.

ஆனால் முத்துப்பேச்சி கலங்கவில்லை. "சரியாச் சொல்லுதீங்க அண்ணாச்சி," என்றாள். "கீழ விழுந்தா சில்லு சில்லாப் போயிரும். வெயில்ல நின்னா ஒண்ணுந் தெரியாது. சார்ஜு ஒரு நாளுதான். உங்களுக்கு இது சரிப்பட்டு வராது." சொன்னவள் அதை வாங்கி, மெல்லிய துணியால் அவன் ரேகைகளைத் துடைத்து, பேழைக்குள் வைத்துப் பூட்டினாள்.

வாள் ஓங்கிப் பாய்ந்த வீரன், எதிரி விலகிக்கொண்டதால் காற்றை வெட்டித் தடுமாறுவதுபோல் தடுமாறினான் கிட்டுசாமி. பொருளைக் காத்து நிற்க வேண்டியவளே பொருளைப் பழித்தால் மேற்கொண்டு எதை வெட்டுவது? எந்தச் சந்தையிலும் அவன் கண்டிராத வியூகம் இது. மிஞ்சியது ஒரே ஆயுதம். எழுந்தான், நடந்தான்.

முதலடி. இரண்டாமடி. மூன்றாமடி. குரல் இல்லை. நான்காமடியில் அவனுக்கு வியர்த்தது. வாசலில் செருப்பைத் தேடினான். காலடியிலேயே இருந்த செருப்பை மூன்று முறை தேடினான். இடது செருப்பை வலதுகாலில் மாட்டி, கழற்றி, மீண்டும் மாட்டினான். மொபெட்டைத் துடைத்தான், வாங்கிய நாள்தொட்டு ஒருமுறைகூட அதை அவன் துடைத்ததில்லை. கண்ணாடிப் போன் பேழைக்குள்ளிருந்து அவனை நோக்கிக் கண்சிமிட்டியது. மாலையில் பேக்கரி மேசை காத்திருக்கிறது. பேட்டையே கேட்க உரைத்த வஞ்சினம் காத்திருக்கிறது.

"அண்ணாச்சி!"

கூப்பிட்டுவிட்டாள்! பிறவிப்பயன் எய்தியவனாய்த் திரும்பினான் வீரன். பன்னிரண்டாயிரத்தில் ஆரம்பிப்பதா, பதினொன்றிலா என்று எண்ணியபடியே படியேறினான். முத்துப்பேச்சியின் கையில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதில் டார்ச் போன் இருந்தது. மேலே பில் இருந்தது.

"குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னீங்களே, அதான் பில்லு போட்டுட்டேன்," என்றாள். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, ஆனால் நல்லானின் காதுக்கு எட்டுமளவே தாழ்த்தி, "இல்ல, நெசமாவே அந்தக் கண்ணாடிப் போன்தான் வேணும்னா இப்பவே எடுத்துத் தாரேன். வெல மட்டும் ஒரு ரூவாயும் கொறையாது. எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி."

அண்டம் அசைவற்று நின்றது. ஒருபுறம் மகுடேஸ்வரனின் சிரிப்பு. மறுபுறம் நல்லான். போட்ட விலைக்குக் கிட்டுசாமி பொருள் வாங்கினான் என்னும் செய்தி நல்லானின் வாயிலிருந்து புறப்பட்டால், உச்சிவேளைக்குள் வீரபாண்டி வரை பரவிவிடும். அதன்பின் எந்த ஏற்றுமதிக்காரன் இவனைக் கண்டு அஞ்சுவான்? எந்தச் சிப்பம் இவனுக்குப் பாதிவிலையில் பணியும்? போன் மானமா, பேர மானமா? இரண்டு மானங்களும் இரண்டு திசையில் இழுக்க, வியர்வை மூக்கின் நுனியில் திரண்டு நின்றது. விழவில்லை, அதற்கும் என்ன ஆகிறதென்று பார்க்கும் ஆவல்.

"பதினெட்டாயிரத்து ஐநூறா? அந்தச் செகண்ட்ஸ் பீசுக்கா?" என்று முழங்கினான் கிட்டுசாமி, தன் இதயத்தைத் தானே மிதித்துக்கொண்டு. "எனக்கு இதுதான் வேணும் அம்மிணி! ஆனா இதுக்கு ஒரு பவுச்சு சும்மா குடுத்தாத்தான் எடுப்பேன். இல்லாட்டி இதுவும் வேண்டாம்!"

 முத்துப்பேச்சி குனிந்து, இடைவாரில் மாட்டும் பத்து ரூபாய் பவுச் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"எந்தூரு அம்மிணி நீயி?"

"தூத்துக்குடி. எங்கம்மா துறையில மீன் ஏலம் கூறுதவ."

கிட்டுசாமியின் முதுகுத்தண்டில் குளிர்ந்த கடற்காற்று ஒன்று ஏறி இறங்கியது. டார்ச் போனைப் புகழ்ந்த முதல் சொல்லிலிருந்து அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கிட்டண்ணா!" என்று ஆர்ப்பரித்தான் நல்லான். "ஒரே வெலைக் கடையிலயே பவுச்சைப் புடுங்கிட்டீங்களேங்க! உங்கள அடிச்சுக்க ஆளில்லீங்க!"

வாழ்க பவுச்! பேரமில்லாப் பெருங்கோட்டையை உடைத்துக் கொணர்ந்த கொள்ளைப்பொருளே, கருந்தோல் போர்த்திய வெற்றிக்கொடியே, வீரனின் இடையில் தொங்கிக் காதர்பேட்டையின் முடுக்கெல்லாம் அவன் புகழை முழங்கிய முரசமே, வாழ்க! வாழ்க! அன்று பகல் முழுவதும் கடைகடையாய் அதைத் தொட்டுப் பார்த்து வியந்தனர் வணிகர். அந்தி சாய்ந்தது. பேக்கரி மேசை கூடியது. கண்ணாடிப் போன் நடுவில் ஒளிர, மகுடேஸ்வரன் புருவமுயர்த்தி, வஞ்சினத்தை நினைவூட்டும் கொடும் புன்னகையோடு கைநீட்டிக் காத்திருந்தான். வீரன் பவுச்சைத் திறந்து, டார்ச் போனை எடுத்துக் கண்ணாடிப் போனருகே வைத்தான்.

"சார்ஜு நாலு நாள் நிக்குதுங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுக் கிட்டுசாமி டீயைக் குடித்தான்.