விபத்து இல்லாத நாட்கள்

நாற்காலி மேல் ஏறிச் சுவர்ப் பலகையில் '100' என்று எழுதிவிட்டு இறங்கி, தெர்மாமீட்டர் வைக்கப் போன கம்பவுண்டரை, மேஜை மேலிருந்த பூனை இடது கட்டைவிரலில் கடித்துவிட்டது.

பலகையில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தக் கால்நடை மருத்துவமனையில் நூறு நாள் யாருக்கும் அடிபடாமல் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ். அது வந்தால், ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் கம்பவுண்டருக்கு வேலை நிரந்தரம். சான்றிதழ் தர இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வருகிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் காலங்காலமாகக் கேட்கிறது. தெர்மாமீட்டர் யார் வைப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"கடிச்சதை நோட்டுல எழுதணுமே," என்றார் டாக்டரம்மா.

"கடிக்கலம்மா. பல்லு பட்டுச்சு."

"ரத்தம் வருதே."

"கொஞ்சம் நல்லாவே பட்டுச்சு."

சான்றிதழ் மேல் டாக்டரம்மாவுக்கும் ஒரு கண். சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுப் போட்டார். கட்டு வெள்ளை வெளேரென்று ஊருக்கே சேதி சொன்னது. அதை மறைக்க, கடிநாய் பிடிக்கும் முழங்கை நீளத் தோலுறையை மாட்டிக்கொண்டார் கம்பவுண்டர். உறை போட்ட கையிலிருந்து ஸ்பிரிட் பாட்டில் நழுவி உடைந்தது. அதைத் துடைக்க எழுந்த டாக்டரம்மா வழுக்கி விழுந்தார்.

"அம்மா, விழுந்துட்டீங்களா?"

"இல்ல. உக்காந்தேன். வேகமா உக்காந்துட்டேன்."

சுளுக்கிய காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு, வாளியை மேஜைக்கு அடியில் மறைத்தாயிற்று. கண்ணாடிச் சில்லைப் பெருக்கத் துப்புரவு அக்கா வந்தார். உறை போட்ட கையால் கம்பவுண்டர் சரியாகத் தாழ் போடாத கூண்டிலிருந்து ஒரு பெரிய நாய் பாசத்தோடு பாய்ந்தது. அக்காவின் முழங்கை சுவரில் இடித்து வீங்கியது.

"என் பேரை எழுது. நான் எதுக்கு மறைக்கணும்?"

"என் வேலைக்காக அக்கா."

"உன் வேலைக்கு என் முழங்கையா?"

ஆறு வருஷமாக 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்ற ஒரே வார்த்தை. அதை இன்றைக்கும் வீட்டில் போய்ச் சொல்ல கம்பவுண்டருக்குத் தெம்பில்லை.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "போய்த் தொலை," என்று சொல்லி எக்ஸ்ரே அறைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி கம்பீரமாக நுழைந்தார். டாக்டரம்மா எழவில்லை. கம்பவுண்டருக்கு உயிரே போனது.

"பரவால்ல, உக்காருங்க," என்ற இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளை. "நூறு நாள்ல ஒரு கீறல்கூடவா இல்ல?"

"எங்ககிட்ட வர்ற மிருகமெல்லாம் சட்டம் தெரிஞ்சதுங்க சார்."

"எப்பவும் உறை போட்டுத்தான் இருப்பீங்களா?"

"தூங்கும்போது மட்டும் கழட்டிருவேன் சார்."

இன்ஸ்பெக்டர் அந்த உறையை ஏக்கத்தோடு பார்த்தார். பெரிய நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வர, அவர் இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒற்றைக் கையாலேயே கையெழுத்துப் போட்டார். நழுவிய சான்றிதழைக் கம்பவுண்டர் உறைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. வலியாலா சந்தோஷத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் மட்டும் வரவில்லை. சற்று நேரத்தில் அவருடைய டிரைவர் தலையை நீட்டி, வாளியையும் உறையையும் எக்ஸ்ரே அறைக் கதவிடுக்கில் தெரிந்த அக்காவையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"டாக்டரம்மா, காலையில போன ஆஸ்பத்திரியில சாரோட இடது கையை நாய் கவ்விருச்சு, ஒரு கட்டுப் போட்டுவிடுங்க. நோட்டுல மட்டும் எழுதிராதீங்க, எங்க ஆபீஸ் பலகையில இன்னிக்கு முந்நூறாவது நாள்."