திருத்தணியில் பனி பெய்த வாரம்

திருத்தணியில் பனி பெய்ய வைத்த பெருமை, 'குட்டி மேதைகள்' மழலையர் பள்ளியின் தாளாளர் தணிகைமணி அவர்களையே சாரும். வெயிலுக்குப் பேர்போன இந்த ஊரில் இயற்கையே செய்யத் துணியாத காரியம் அது. அவர் ஒரு கட்டு வெள்ளை சார்ட் பேப்பரையும் ஒரு சுற்றறிக்கையையும் கொண்டே அதைச் செய்து முடித்தார்.

அரையாண்டு விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. தாளாளர் சென்னையில் ஒரு 'கல்விக் கருத்தரங்கு'க்குப் போய்த் திரும்பியிருந்தார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதோடு, குழந்தைகள் தங்கள் கையால் செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கே அறிந்து வந்தார். உடனே ஆசிரியைகளைக் கூட்டினார். விடுமுறைக் கொண்டாட்டமாக யு.கே.ஜி. குழந்தைகள் காகிதத்தில் 'பனிமனிதன்' செய்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏகமனது என்றால் தாளாளருடைய மனது.

யு.கே.ஜி. ஆசிரியை மோனிகா பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. அவளை நிரந்தரமாக்குவது தாளாளரின் 'பரிசீலனை'யில் இருந்தது. அதனால் மிகுந்த பணிவோடு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். பிள்ளைகள் பனியைப் பார்த்ததே இல்லை, மயில் செய்தால் என்ன?

"மயிலு எல்லா ஸ்கூல்லயும் பண்றாங்கம்மா. நம்பள்து இன்டர்நேஷனல் லெவலு" என்றார் தாளாளர்.

மயில் என்ற அந்த உள்ளூர்ப் பறவை அத்துடன் கூட்டத்தை விட்டு வெளியேறியது.

அடுத்து 'பாதுகாப்பு விதிமுறைகள்' வந்தன. கத்தரிக்கோல் கூர்மையானது, ஆகவே குழந்தைகள் தொடக் கூடாது. பசையைப் போன வருடம் ஒருவன் ருசி பார்த்துவிட்டான், ஆகவே கூடாது. ஸ்கெட்ச் பேனா சீருடையைக் கெடுக்கும். காகிதமோ விலை உயர்ந்தது, கசங்கிவிடும். இவை நீங்கலாக, குழந்தைகள் முழுச் சுதந்திரத்தோடு கைவினையில் ஈடுபடலாம்.

இப்படியாகக் கைவினை வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மோனிகா வெட்டினாள், ஒட்டினாள், விளக்கினாள். ஃப்ரிட்ஜுக்குள் மேல்தட்டில் இருக்கிறதே, அதுதான் பனி. அது ஊர் முழுக்கக் கொட்டினால் இந்த மனிதரைச் செய்யலாம் என்றாள். மெக்கானிக் ஹயாத் பாஷாவின் மகள் கவுசர் எழுந்து நின்றாள்.

"மிஸ், அவுரு ஏன் சட்ட போடல?"

"அவருக்குக் குளிராதுடா கண்ணு."

"அப்போ மப்ளரு எதுக்கு மிஸ்?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லாததால் மோனிகா அடுத்த பனிமனிதனுக்குப் போய்விட்டாள்.

வகுப்பு நேரத்தில் செய்தது போதவில்லை. மிச்ச வேலை பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறியது. அங்கே அவள் அக்காள் புருஷன், அரசு என்பவர், தறி ஓட்டுகிறவர். தறி நிற்கும் நேரத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

"இன்னா மோனிகா இது, இட்லி மேல இட்லி வெச்சா மாதிரி கீது?"

"பனிமனுசன் பாவா."

"இந்த வெயில்ல இங்க இன்னாத்துக்கு வந்தான்?"

"லீவுக்கு வந்துகினான். நீ வெட்டு பாவா."

அரசு வெட்டினார். ஒரு பனிமனிதனுக்கும் இன்னொருவனுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. கழுத்துத் துண்டு மொட்டையாக இருப்பது அவர் மனசுக்கு ஒப்பாமல், ஒவ்வொன்றிலும் ஜரிகைக் காகிதத்தில் கரை வைத்தார். மோனிகா ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குழந்தையின் பெயரை எழுதினாள். இதைத்தான் கல்வியாளர்கள் 'செயல்வழிக் கற்றல்' என்கிறார்கள்.

கண்காட்சி நாள் வந்தது. பெற்றோர்கள் திரண்டார்கள். சுவரெல்லாம் பனிமனிதர்கள், மேலே 'பிஞ்சுக் கைகளின் படைப்பு' என்ற பேனர். செல்போன் கடை அசோக்குமார் தன் மகனுடைய பனிமனிதன் முன் நின்று, அந்த ஜரிகைக் கரையில் தங்கள் பரம்பரையின் கைநேர்த்தி தெரிவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பனிமனிதனில் பக்கத்து வீட்டுப் பரம்பரையும் அதே நேர்த்தியோடு தெரிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. ஹயாத் பாஷா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு மகளுடையதைப் படம் பிடித்தார்.

சிறப்பு விருந்தினர் கௌரியம்மாள், அரக்கோணத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கவுசர் முன்னால் குனிந்தார். இவ்வளவு அழகாக எப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"நாங்க கை கட்டிக்கினு உக்காந்துகினு இருந்தோம். மிஸ்ஸு வூட்லேருந்து பண்ணிகினு வந்தாங்க" என்றது குழந்தை, நல்ல கணீரென்ற குரலில்.

சபை முழுவதும் தாளாளரைத் திரும்பிப் பார்த்தது. தாளாளர் இருமினார். அந்த இருமலில் மோனிகாவின் 'பரிசீலனை' முடிவுக்கு வருவது அவளுக்கே கேட்டது. ஆனால் போகிற வேலை போகத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால் மனிதருக்கு ஒரு துணிவு வந்துவிடுகிறது.

"ஆங் மேடம், பாப்பா சொல்றது நெஜம்தான். பேப்பரு இருக்குதுங்க. இப்பவே குடுத்தா பண்ணுவாங்க" என்றாள்.

விருந்தினர் தலையசைத்தார். விருந்தினர் முன்னிலையில் தாளாளரும் தலையசைக்க வேண்டியதாயிற்று.

காகிதத்தைப் பரப்பியதும் பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தன. மோனிகா தரையில் உட்கார்ந்து, தொடலாம், கிழிக்கலாம், கசக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கவுசர்தான் முதலில் ஒரு தாளைக் கிழித்தாள். பர்ரென்ற அந்தச் சத்தம் மற்றவர்களுக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் அந்த அறையில் நடந்ததை எந்தச் சுற்றறிக்கையாலும் தடுத்திருக்க முடியாது. பனிமனிதனுக்குக் குடை வந்தது, வெயிலில் உருகிவிடுவானாம். ஒருவன் மலை செய்து அதன்மேல் பஸ் ஒட்டினான். அபி என்ற பொடிசு தன் மூக்கில் பசையைப் பூசி, அதில் காகித மூக்கை ஒட்டிக்கொண்டு திரிந்தது. கவுசரின் பனிமனிதன் கையில் அவள் அப்பாவின் ஸ்பேனர் இருந்தது. கௌரியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இப்படிப்பட்ட ஆசிரியை கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தாளாளரிடம் சொன்னார். தாளாளரும் அந்தக் கணமே மோனிகா நிரந்தரம் என்று அறிவித்து, இந்த யோசனை முழுக்கத் தம்முடையது என்பதையும் அடக்கத்தோடு குறிப்பிட்டார். மோனிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அசோக்குமார் தன் மகனுடைய தாளை எட்டிப் பார்த்தார்.

"டேய், கோணலா வெட்டிகினுகீற. இங்க குடு."

பையன் கொடுத்தான். அவர் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். தன் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுமோ என்று அடுத்த பெற்றோர் பசையைக் கைப்பற்றினார். ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடமிருந்து ஜரிகைக் காகிதத்தைப் பிடுங்கினாள். ஹயாத் பாஷா, ஸ்பேனர் அளவு தப்பு என்று மகளிடம் விளக்கிவிட்டுத் திருத்தத் தொடங்கினார். இடம் போதாமல் போகவே பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே நகர்ந்து, முற்றத்தில் வரிசையாக நின்று பஸ் ஓட்டி விளையாடப் போய்விட்டார்கள். யாரும் தேடவில்லை.

தாளாளர் மேஜைமேல் ஏறி நின்று அந்தக் காட்சியைப் படம் பிடித்தார். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை நோட்டீஸில் முதல் பக்கத்தில் அது வண்ணத்தில் வந்தது. கீழே 'கைவினையில் தங்களை மறந்திருக்கும் எங்கள் யு.கே.ஜி. செல்வங்கள்' என்று போட்டிருந்தது. மிக நல்ல படம். எல்லா முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதில் குழந்தைகள் மட்டும்தான் இல்லை.