பத்து மணிக்கு வந்த சாயங்காலம்

கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் தப்புச் செய்தால், அதைத் தப்பென்று யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். இருபத்தாறு வயதில் எனக்கு அந்த வசதி இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. தருமபுரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்போர் சங்கம் ஒன்று நடத்திய ஏலக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே நானும் வந்தேன். (ரெண்டு பேருக்கும் தனித்தனி ஃபேன்.) விவசாயிகள் கூடைகளில் பட்டுக்கூடு கொண்டுவருவார்கள். வந்த நேரத்தைக் குறித்துச் சீட்டுக் கொடுப்பது வழக்கம். பதினொரு மணிக்குள் வந்தால் அன்றைக்கே ஏலம், தாண்டினால் மறுநாள். இனி அந்தச் சீட்டை மெஷின் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடையில் கிடைத்த மென்பொருளை வைத்தே முடித்திருக்கலாம். பெரிய படிப்புப் படித்தவன் ஆயிற்றே! மெஷினை எழுப்பி நடத்துகிற அடிப்படை நிரலான கெர்னலையே சொந்தமாக எழுத உட்கார்ந்தேன். பகலில் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரைதான் எழுதுவேன்.

அந்தக் காலைகள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே வத்தல்மலை பாதி மேகத்தில் கரைந்திருக்கும். உள்ளே முந்தின நாள் கூடுகளின் புழுங்கல் வாசம். மெஷினுக்குள் ஒரு சில்லு, கரண்ட் இல்லாவிட்டாலும் சின்ன பேட்டரியின் தயவில் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். கெர்னலிலிருந்து கைநீட்டி அதனிடம் நேரம் கேட்பேன். திருத்தியும் வைப்பேன். பச்சைத் திரையில் நொடிகள் நகர்வதைப் பார்த்தபடி, காலத்தின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறோம் என்று மயங்கிக் கிடப்பேன்.

அந்தச் சில்லு நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணும். மெஷின் அதைப் பதினாறு பதினாறாகப் படிக்கும். மாற்றிப் படிக்காவிட்டால் ஒன்பது வரை ஒரு வித்தியாசமும் தெரியாது, பத்து வந்ததும் பதினாறு ஆகிவிடும். நிமிடத்தில் இதை முதல் நாளே பிடித்துவிட்டேன். நிமிடத்துக்கும் நொடிக்கும் மாற்றிப் படிக்க வரிகள் சேர்த்தேன். மணிக்குச் சேர்க்க மறந்தேன். என் காலைகளில் பத்து மணி வந்ததே இல்லை.

தொடக்க நாளன்று ஜெனரேட்டர் வைத்தார்கள். சென்னையிலிருந்து நாலு அதிகாரிகள் வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஒன்பது ஐம்பத்தொன்பது வரைக்கும் நான் மேதை.

பத்தைத் தாண்டியதும், அன்றைக்குக் கடைசி ஆளாக, காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாதம்மாள் என்ற அம்மா இரண்டு கூடைகளோடு வந்தார். மெஷின் நிதானமாக அடித்தது: '16:04. ஏலம் நாளை.'

சீட்டு எழுதும் ரஹீம் பாய் என் காதருகே குனிந்தார். "சார், சாயங்காலம் நாலு மணின்னு காட்டுதுங்க."

"உங்க வாட்ச்சுக்குச் சாவி குடுத்தீங்களா பாய்?"

"வாட்ச்சை வுடுங்க சார், வெயிலைப் பாருங்க. நான் கையால எழுதிக் குடுத்துடறேன்."

மாதம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, நான் இன்னும் காலைச் சோறே திங்கலை. அதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சுங்களா?"

கூடமே சிரித்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. எந்த வரி விட்டுப்போனது என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு சீட்டைக் கையால் எழுதினால் அதிகாரிகள் முன்னால் மெஷின் தோற்றதாகிவிடும்.

"கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதாம்மா. நாளைக்கு வாங்க."

"வூட்டுக்காரருக்குக் காய்ச்சலுங்க, ஏற்கெனவே நாலு நாள் தள்ளிப்போச்சு. நாளைக்குன்னா பூச்சி கூட்டைத் தொளைச்சுக்கிட்டு வந்துருமுங்க. தொளை வுழுந்ததை ஆருங்க எடுப்பாங்க?"

"பூச்சி என்ன, மணி பாத்தா வருது?" என்றேன்.

இப்போது அதிகாரிகள் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மதியம் அவர்கள் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு விட்டுப்போன வரியைச் சேர்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடத்தைத் திறக்கப் போனேன். மாதம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகவே இல்லை. கூடைகளின் மேல் பனி இறங்கியது போல வெள்ளை வெள்ளையாகப் பட்டுப்பூச்சிகள். பறக்கத் தெரியாத சிறகுகளைப் படபடவென்று அடித்தபடி, அவர் கைமேலும் முந்தானைமேலும் ஊர்ந்துகொண்டிருந்தன. அத்தனை அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு மாதம் தழை பறித்துப் போட்டு வளர்த்த கூடுகள் முழுக்க ஓட்டை.

"மணி பாத்துத்தான் வந்துருக்குதுங்க," என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து வோல்டேஜ் சரியில்லைம்மா."

"அப்படிங்களா," என்று நம்பினார். கூடைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

எங்கள் வீட்டில் யாராவது பத்து மணிக்கு எழுந்தால், "சாயங்காலம் ஆயிடுச்சு, டிபன் வேணுமா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். பேத்தி அந்தக் கதையை நண்பர்களுக்கெல்லாம் சொல்லுவாள். மாதம்மாளின் 'பொழுது சாஞ்சிருச்சுங்களா?'வை மட்டும் நானே நடித்துக் காட்டுவேன், கைதட்டல் விழும். கதை அங்கேயே முடிந்துவிடும், நான் அங்கேயே முடித்து வைத்திருக்கிறேன். மறுநாள் காலையைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை அவர்களும் படிப்பார்கள். நாளைக்குப் பத்து மணிக்கு யாராவது எழுந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பார்களோ, என் முகத்தைப் பார்ப்பார்களோ, தெரியவில்லை.