பெட்டியின் சூடு

நாற்பத்தொரு மணி நேரமாகக் கணினி தனக்கான புது மென்பொருளைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நான்கு முறை திடீரென அணைந்து, கட்டியது இடிந்தும் விழுந்திருந்தது.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்றாள் அவள்.

"இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு ரெடிமேடா எதுவும் வராது. மூலநிரலை இறக்கி இதுலயே கட்டினாத்தான் உண்டு," என்றான் கணவன். "இப்போ பழசும் போச்சு, புதுசும் அந்தரத்துல நிக்குது."

நாளை மதியம் அவளுக்கு ரயில். தூரத்து ஊரில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. போன பிறகு தினமும் முகம் பார்த்துப் பேசத்தான் இந்தப் புதுப்பிப்பு. கைபேசியில் அவள் தபால்தலை அளவுக்குத்தான் தெரிவாளாம். மற்றபடி, அவள் போவதைப் பற்றி இதுவரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"பக்கத்துல இருக்கிற மூஞ்சியைப் பார்க்க நேரமில்லை. போனப்புறம் பார்க்க இத்தனை பாடு," என்று சோபாவில் நாளிதழோடு இருந்த தன் அப்பாவிடம் முறையிட்டாள்.

"ம்," என்றார் அப்பா. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர்.

ஆனாலும் துணி அடுக்குவதை விட்டுவிட்டு அவள் அவனெதிரே வந்துதான் உட்கார்ந்தாள். குளிர் கடுமை. கட்டும் வேலை நடக்கும்போது மேஜையடியில் படுத்திருந்த பெட்டி இதமாகச் சுடும். இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் முறை விழுந்ததும், சூடுதான் காரணம் என்று ஜன்னலைத் திறந்தான். அறை உறைந்தது. அவள் பாதத்தை இன்னும் அழுத்தினாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. நினைவகத்தின் மேல் சந்தேகப்பட்டுப் பாதியைப் பிடுங்கினான். பதினான்கு மணி நேர வேலை இருபதாக நீண்டதுதான் மிச்சம். நேற்றுக் காலை அதுவும் விழுந்தது. பிறகு பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"அங்கே காத்தோட்டம் நல்லா இருக்கு."

மதியமே விழுந்தது.

"சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்," என்றான் சாந்தமாக. ஒரு கரண்டி காணாமல் போனால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன்.

இப்போது ஐந்தாவது முறை. தொண்ணூற்று மூன்று சதவீதம். அவன் முகம் ஏனோ வாடியிருந்தது. தூக்கமில்லை போலும் என்று நினைத்தாள். அவன் டீ போட எழுந்து போனான்.

அவள் பேனா கீழே விழுந்தது. குனிந்தாள். இடது கால் கட்டைவிரலுக்கு நேர் கீழே, பெட்டியில் ஒரு சின்னப் பட்டன்.

அறிவியல் படித்தவள், சோதிக்காமல் நம்ப முடியவில்லை. அழுத்தினாள்.

தொண்ணூற்று மூன்று சதவீதமும் அணைந்தது.

"அப்பா," என்றாள். "அஞ்சு தடவையும் நான்தான். இவர்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுச் சொல்வேன்?"

அப்பா நாளிதழை மடித்தார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியும்மா. நேத்துக் காலையிலேயே சொல்லிட்டேன், அந்தப் பட்டன் ஒயரைப் பிடுங்கிடுங்கன்னு. 'வேணாம் மாமா, கட்டி முடிச்சா பெட்டி ஆறிடும், அவ எழுந்து போயிடுவா'ன்னார்."