வட்டகொடை வரைக்கும் முழிப்பு

என் மூளை என்னைக் கேட்காமலே கடையைச் சாத்துகிறதாம். லிந்துலையில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"ஐயா, மூளையில முழிக்க வைக்கிற பக்கம் ஒண்ணு, தூங்க வைக்கிற பக்கம் ஒண்ணு. ராவெல்லாம் முழிச்சா தூக்கம் உள்ளுக்குள்ள சேந்துக்கிட்டே போகும். அப்பறம் பகல்ல உங்களுக்கே தெரியாம ஆள அமுக்கிரும்."

எனக்குத் தெரியாமல் என் தலைக்குள் இன்னொரு துரையா? நான் தேயிலை பெக்டரியில் ராக்காவல்காரன். அடுப்புச் சூடு, கேட்டதும் பிளேன்டீ. பகலில் தூங்கணும் என்று வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை. ராஜா உத்தியோகம்.

என் வீட்டுக்காரி மீனம்மா அதில் கையை வைத்தாள். தலவாக்கலையில் பஸ் ஏறினதுமே ஆரம்பம்.

"ராக்காவல விட்டுருங்க. பகல்ல கவ்வாத்துக்குப் போங்க."

கவ்வாத்து என்றால் மழையில் நின்று தேயிலைச் செடி வெட்டணும். காலெல்லாம் அட்டை.

"நான் தூங்குற ஆளா புள்ள? வட்டகொடை வரைக்கும் கண்ண மூடுனா, நாளைக்கே கவ்வாத்துக்குப் போறேன்."

"சத்தியமா?"

"மாரியாத்தா சத்தியமா."

ஜன்னலைப் பார்த்தேன். ஒரு வளைவு. தேயிலை. பனி. இன்னொரு வளைவு. ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினேன்.

"எறங்குங்க, வட்டகொடை வந்திருச்சு" என்றாள் மீனம்மா.

தூக்கிவாரிப் போட்டது. நடுவில் இருந்த ரோட்டை எவனோ சுருட்டிக்கொண்டு போய்விட்டான். காட்டிக்கொள்ளாமல் இறங்கினேன்.

கடையடியில் கோயில் தலைவர் மூக்கன் நின்றார். மீனம்மா நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, இந்தத் திருவிழாவுக்கு இவரு தீ மிதிக்கிறாரு. பஸ்ஸுல கேட்டேன், தலையாட்டிட்டாரு."

மூக்கன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு மச்சான்."

"நா... நான் எப்ப ஆட்டுனேன்?"

"மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் ஆட்டுனீங்க. முழிச்சுத்தான இருந்தீங்க?"

உள்ளங்கால் அங்கேயே சுட்டது. பீடி நெருப்பு மேலே விழுந்தால் லயத்து வரிசை வீடெல்லாம் எழும்பக் கத்துகிறவன் நான்.

"பேரச் சேத்துரவா?" என்றார் மூக்கன்.

"வேணாம் மச்சான். நான் தூங்கிட்டேன். ஏறுனதுலருந்து தூக்கம். தூங்குறவன் தல ஆடுறதெல்லாம் சம்மதமா?"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் மீனம்மா. "அப்ப நாளைக்குக் கவ்வாத்து."

லயத்துக்கு ஏறும்போதும் மனசு ஆறவில்லை.

"நெசமாவே மூணு தடவ ஆட்டுனேனா புள்ள?"

"யாருக்குத் தெரியும்? நீங்க சத்தியம் பண்ணி முடிக்கவுமே நான் தூங்கிட்டேன். கண்டக்டர்தான் என்னய எழுப்பிவிட்டாரு."