பூஜ்யம் எடுத்த மைக்ரோசெகண்ட் மாமா

திருவனந்தபுரத்தில் நேரத்தை மதித்தவர் ஒரே ஒருவர்தான். கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸில் இருந்த மைக்ரோசெகண்ட் மாமா. கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

எதையும் மூன்று தரம் அளந்து சராசரி எடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். லிஃப்டில் ஏழாம் மாடிக்கு மூன்று தரம் போய்வந்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார். தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம், "இன்னும் ரெண்டு தரம் கட்டும் ஓய், ஒத்தை ரீடிங்கை நம்பப்படாது" என்றாராம்.

அப்போது நாங்கள் பம்ப் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அது எப்போது படுக்கும் என்று சொல்லும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அதன் உயிர் ஃபூரியர் கணக்கு. ஒரு சத்தத்தைக் கொடுத்தால், அதில் எந்தெந்த ஸ்வரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அதை மாமா தன் கையாலேயே சி மொழியில் எழுதியிருந்தார். நான் பைத்தானில் எழுதியிருந்தேன்.

மலையாளியான மேனேஜர் அறிவித்தார்: "வேகமுள்ள மொழி ஒண்ணு மதி, போதும். மற்றது வேண்டா." மாமா ஜெயித்தால் அவர் டீம் லீட். நான் தோற்றால், ஒப்பந்த ஊழியனான நான் சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை போட்டி. பைத்தான் சில மில்லிசெகண்ட் எடுத்தது. மாமாவின் சி எடுத்தது பூஜ்யம். மூன்று தரமும் பூஜ்யம்.

ஒரு வேலை பூஜ்ய நேரத்தில் முடிந்தால் மனிதர்கள் சந்தேகப்படுவார்கள். எங்கள் மேனேஜர் கேக் வாங்கினார். 'உலகிலேயே வேகமானது' என்று வாடிக்கையாளருக்கு மெயிலும் அனுப்பினார். நான் கேக்கைத் தின்றுகொண்டே மேஜையைக் காலி செய்தேன்.

திங்கட்கிழமை மாமா லிஃப்டை அளக்காமல் நேரே மேனேஜர் முன் போய் நின்றார்.

"சார், அது கணக்கே போடலை."

"எந்தா ஸ்வாமி! மெயில் போயாச்சே!"

"விடையை அச்சடிக்கச் சொல்ல மறந்துட்டேன். யாரும் கேக்காத விடைக்கு எதுக்கு மெனக்கெடணும்னு கம்பைலர் மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட்டுடுத்து. அதாக்கும் பூஜ்யம்."

எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் அந்தக் கம்பைலரின் புத்தி எங்களுக்கு இருந்ததில்லை. யாரும் படிக்காத வாராந்திர அறிக்கையை வாரம் தவறாமல் எழுதி அனுப்பினோம்.

விடையை அச்சடிக்கச் சொல்லி மறுபடி ஓட்டினார்கள். மாமா தோற்றார். பைத்தானும் உள்ளுக்குள் கூப்பிட்டது சி மொழிக் கணக்கைத்தான், ஆனால் அது யாரோ கெட்டிக்காரர்கள் வருஷக்கணக்கில் இழைத்து வைத்தது. என் ஒப்பந்தம் நீண்டது. லீட் பதவி வேறொருவருக்குப் போனது. மேனேஜர் மட்டும் பூஜ்யத்துக்கு விளக்க மெயில் எழுதி எழுதி மெலிந்தார்.

நான் கேட்டேன்: "மாமா, பேசாம இருந்திருக்கலாம்லா? ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்."

"நான் கண்டுபிடிச்சுட்டேனேடா" என்றார்.

பைத்தான் கற்றுக்கொள்ள அவரை ஒரு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஆபீஸ் போகப் பிடித்திருந்தது அந்த ஒரு வருஷம்தான்.